எரிபொருளுக்கு ரொக்கம், பயணியிடம் மட்டும் கடனா?

மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. அதிகாரிகளுக்கும்,

ஒரு விமான கம்பெனி தள்ளாட ஆரம்பித்தால் அது முதலில் தெரிவது எண்ணெய் நிறுவனங்களுக்கு. அடுத்து ஏர்போர்ட் அதாரிட்டிக்கு. அப்புறம் விமானத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு, அதற்குப் பிறகு உங்களுக்கு. எல்லோருக்கும் தெரிந்து முடிந்த பிறகு, பெட்டியோடு மீனம்பாக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் டிக்கெட் வாங்கினவருக்குத் தெரிகிறது. முதலில் நிற்கும் மூன்று பேருக்கும் தங்கள் காசைக் காப்பாற்றிக்கொள்ள ஏதோ ஒரு வழி இருக்கிறது. கடைசி ஆளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், ஒரே வாரத்தில் எனக்கு வந்த இரண்டு மின்னஞ்சல்கள். ஒன்று, சில வருடம் முன்பு படுத்துவிட்ட ஒரு விமான நிறுவனத்தின் கணக்கை முடித்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்து வந்தது. என் வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்துக்கான கோரிக்கையைக் குறித்துக்கொண்டார்களாம், முன்னுரிமை உள்ள கடன்களைத் தீர்த்தபின் மிச்சம் இருந்தால் பார்ப்பார்களாம். இரண்டாவது, வேறொரு நிறுவனத்தின் சலுகை அறிவிப்பு. இன்னும் ஐந்தாறு மாதம் கழித்துப் பறக்க இன்றைக்கே பணம் கட்டினால் கிட்டத்தட்ட பாதி விலை. அந்த நிறுவனத்தின் நிலைமை என்ன என்று எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் விற்கிறார்கள். விற்காதே என்று நீங்கள் சொல்லவும் இல்லை.

நான் எழும்பூர் கென்னட் லேன் பக்கம் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். ரயில், ஆம்னி பஸ், விமானம், மூன்றுக்கும் டிக்கெட் போடுகிறோம். எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் மொபைலில் தாங்களே போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள், மீதிப் பேர் தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்று பயப்படுபவர்கள். இவர்கள் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் இல்லை. ரொக்கமாகவோ ஜிபேயிலோ தருவார்கள். இந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், நிறுவனம் படுத்தால் கார்டில் கட்டினவர் பேங்க்கில் தகராறு போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. கையில் எண்ணிக் கொடுத்தவருக்கு நேராக என் கடை வாசல்தான்.

மலிவு விமானங்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2003ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்து ஒரு ரூபாய் டிக்கெட் என்றெல்லாம் அறிவித்த காலத்திலிருந்து இந்தத் தொழிலைப் பார்க்கிறேன். அதுவரை விமானம் என்றால் கம்பெனி காசில் போகிறவர்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும்தான். அதற்கப்புறம்தான் என் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “தம்பி, பிளேன்ல சாப்பாட்டுப் பொட்டலம் விடுவாங்களா?” என்று கேட்கும் அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். 2005ல் ஸ்பைஸ்ஜெட், 2006 ஆகஸ்ட்டில் இண்டிகோ. ஒரே ரக விமானம், ஒரே வகுப்பு, தரையிறங்கி அரை மணி நேரத்துக்குள் மறுபடி மேலே, சாப்பாடு வேண்டுமானால் காசு. கணக்கு எளிமையானது. சூடான சாப்பாடு, பிசினஸ் கிளாஸ், ஐந்தாறு ரக விமானம் என்று ஓட்டிக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகளால் அந்த விலைக்கு இறங்கவும் முடியவில்லை, இறங்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர்கள் செய்தது என்ன? 2007ல் ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி கொடுத்து ஏர் சஹாராவை வாங்கி ஜெட்லைட் ஆக்கியது. அதே வருடம் கிங்ஃபிஷர் ஏர் டெக்கானில் பங்கு வாங்கி, அடுத்த வருடம் அதற்கு கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் வைத்தது. மலிவுக்காரனை வாங்கிப்போட்டுவிட்டால் மலிவு ஒழிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஒழியவில்லை, வாங்கினவர்கள்தான் ஒழிந்தார்கள். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, ஜெட் 2019 ஏப்ரல் 17 அன்று. ஏர் இந்தியாவும் அதே வழியில் போயிருக்கும், ஆனால் அதற்கு நம் வரிப்பணம் இருந்தது. தினமும் சுமார் 20 கோடி நஷ்டம் என்று விற்கும்போது அரசே சொன்னது. 2022 ஜனவரியில் டாட்டாவிடம் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சண்டையில் தோற்பது எப்போதும் பெரிய கம்பெனிதான் என்றும் இல்லை. 2023 மே 2 அன்று திவால் மனு போட்ட கோ ஃபர்ஸ்ட் மலிவு விமானம்தான். எங்கள் பக்கத்துக் கதையும் இருக்கிறது. 90களில் சென்னையிலிருந்து பறந்த என்.இ.பி.சி., 2005ல் வந்து முழுக்க பிசினஸ் கிளாஸ் இருக்கைகளாகவே ஓட்டி, குத்தகைக்காரர்களோடு வழக்கில் சிக்கி 2010ல் நின்றுபோன பாரமவுண்ட், 2016ல் கோவையில் தொடங்கி அடுத்த வருடமே காணாமல் போன ஏர் கார்னிவல். மலிவா ஆடம்பரமா என்பது இரண்டாவது விஷயம். கையிருப்பு உள்ளவன் விலையைக் குறைத்துக்கொண்டே போவான், கையிருப்பு இல்லாதவன் கூடவே குறைத்துச் சாவான். எரிபொருள் வரி (தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீத வாட்), டாலரில் கட்ட வேண்டிய குத்தகை எல்லாம் தெரியும். ஆனால் அதை வைத்து அவர்களை மன்னிப்பது என் வேலை இல்லை.

நான் கேட்க வந்தது அந்தச் சாவின் கடைசிச் சில மாதங்களைப் பற்றி. அப்போது என்ன நடக்கிறது என்பதை டிக்கெட் விற்கும் எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நேரம் மாறும். காலை ஆறு மணி விமானம் பதினொன்றுக்கு, பிறகு மாலைக்கு. “ஆபரேஷனல் ரீசன்” என்று ஒரு எஸ்.எம்.எஸ். அடுத்து, இரண்டு விமானத்தில் ஏற வேண்டியவர்களை ஒன்றில் ஏற்றுவார்கள். இன்னொரு பக்கம் நெடுநாள் கழித்த தேதிகளுக்கு விலை இறங்கிக்கொண்டே வரும், சலுகை மேல் சலுகை. இதைப் பார்த்துவிட்டுச் சாமானியர்கள் சந்தோஷப்படுவார்கள், போட்டி நல்லதுதானே என்று டி.வி.யில் பேசுவார்கள். அது போட்டியே இல்லை. இன்றைக்கு எண்ணெய் போடக் கையில் காசு வேண்டும், அதற்காகப் பொங்கலுக்குப் பறக்கப்போகிறவரின் பணத்தை ஆடி மாதமே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பொங்கல் விமானம் இருக்குமா என்பது விற்கிறவருக்கே தெரியாது.

அதே சமயம் எங்கள் போர்ட்டலில் ரீஃபண்ட் நகராது. ரத்தான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் “பிராசஸில் உள்ளது” என்று மஞ்சள் நிறத்தில் ஒரு வார்த்தை வந்து உட்காரும், மாதக்கணக்கில் நிறம் மாறாது. நாங்கள் முன்பணமாகப் போட்டு வைத்திருக்கும் வாலட் தொகையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். விற்பனை அதிகாரியை அழைத்தால், “அண்ணே, எனக்கே ரெண்டு மாசம் சம்பளம் வரல” என்பார். அந்தப் பையனிடம் என்ன சண்டை போடுவது?

ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தமானில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்கள். அப்பாவின் இதய ஆபரேஷனுக்காகச் சென்னை வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். போகவும் வரவும் சேர்த்து நான்தான் டிக்கெட் போட்டேன், ஒரு பெரிய நிறுவனத்தில், முழுச் சேவை, சக்கர நாற்காலி வசதி எல்லாம் ஒழுங்காகச் செய்வார்கள் என்று. திரும்பிப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு ரத்து என்று செய்தி வந்தது. மறுநாள், அதற்கு மறுநாள் எதுவும் இல்லை. மலிவு விமானத்தில் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது. மதுரைக்காரர் என்றால் பாண்டியன் ரயிலில் ஏறிவிடுவார், இல்லையென்றால் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிப்பார். போர்ட் பிளேருக்குத் தண்டவாளம் கிடையாது. கப்பல் உண்டு, மாதத்தில் சில நாள்தான், மூன்று நாள் பயணம், நெஞ்சில் தையல் போட்ட ஆளை அதில் எப்படி அனுப்புவது? அந்த அம்மா கழுத்துச் செயினைக் கழற்றி மகனிடம் கொடுத்தார், அவன் போய் அடகு வைத்துவிட்டு வந்தான். புது டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

பழைய டிக்கெட் பணம்? “கிரெடிட்” என்று அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே வைத்தார்கள், ஒரு வருடத்துக்குள் அவர்கள் விமானத்திலேயே பறந்துகொள்ளலாம் என்று. அதற்குள் நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. அந்த மகன் இப்போதும் சென்னை வரும்போதெல்லாம் கடைக்கு வருகிறான். கோபமெல்லாம் இல்லை. “அண்ணே, ஏதாச்சும் தகவல் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவான். உங்கள் விதியிலேயே, ஏஜென்ட் என்பவர் விமான நிறுவனத்தின் பிரதிநிதி, ஆகவே ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான் என்று எழுதியிருக்கிறது. நிறுவனம் செத்தபின் பிரதிநிதி மட்டும் உயிரோடு இருந்தால் பொறுப்பு யாருக்கு என்று அந்த விதியில் எழுதவில்லை. ஆனால் ஜனங்களுக்கு அது தெரியும், நேராக என்னிடம் வருகிறார்கள்.

இனி முதலில் நின்ற அந்த மூன்று பேர் எப்படித் தப்பித்தார்கள் என்று பாருங்கள்.

எண்ணெய் நிறுவனங்களிடம் “கேஷ் அண்ட் கேரி” என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாக்கி ஏறினால் கடன் கிடையாது, காசை வைத்துவிட்டு எண்ணெய் பிடித்துக்கொள். கிங்ஃபிஷருக்கு அப்படித்தான் ஆனது. ஜெட் மூடுவதற்குச் சில நாள் முன்பு எண்ணெய் கொடுப்பதே தடைபட்டது. அரசாங்கத்தின் சொந்த ஏர் இந்தியாவுக்கே 2019 ஆகஸ்ட்டில் கொச்சி, விசாகப்பட்டினம் உட்பட ஆறு விமான நிலையங்களில் அரசாங்கத்தின் சொந்த எண்ணெய் நிறுவனங்கள் சப்ளையை நிறுத்தின. ஏர்போர்ட் அதாரிட்டியும் பாக்கிக்காரர்களிடம் இதே முறையில் அன்றன்றைக்குக் காசு கேட்கிறது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. அரசு நிறுவனமே “இவனுக்கு ஒரு நாள் கூடக் கடன் தராதே” என்று முடிவெடுத்துவிட்ட ஒரு கம்பெனிக்கு, எழும்பூரில் என் கடைக்கு வரும் ஒரு பூக்கார அம்மா ஆறு மாதக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார், வட்டியும் இல்லாமல், ஈடும் இல்லாமல், அது கடன் என்றே தெரியாமல். இதை எப்படி அனுமதிக்கிறீர்கள்?

அப்புறம் குத்தகைக்காரர்கள். கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டபோது, திவால் சட்டத்தின் தடையால் (வழக்கு முடியும்வரை நிறுவனத்தின் கையில் இருப்பதை யாரும் எடுத்துப்போக முடியாது) அவர்களுடைய விமானங்கள் டெல்லியிலும் மும்பையிலும் மாட்டிக்கொண்டன. உலகம் முழுக்கக் கூச்சல். இந்தியாவுக்கு இனி விமானம் குத்தகைக்குக் கொடுக்க யோசிப்போம், கொடுத்தாலும் வாடகை அதிகம் என்று எச்சரிக்கை. அரசு உடனே அசைந்தது. 2023 அக்டோபர் 3 அன்று, விமானங்களுக்கும் எஞ்சின்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று அறிவிக்கை. 2025ல் நாடாளுமன்றத்தில் அதற்கென்றே ஒரு தனிச் சட்டம். ஐந்தே மாதத்தில் அறிவிக்கை, இரண்டு வருடத்துக்குள் சட்டம். அவசரம் என்று நினைத்தால் டெல்லியால் எவ்வளவு வேகமாக வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

அதே கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் பயணிகளுக்கு என்ன நடந்தது? மூன்று நாள் விமானம் இல்லை என்றார்கள், அது நீண்டது, மறுபடி நீண்டது. டிக்கெட் விற்பனையை நிறுத்து என்று உங்கள் உத்தரவு வந்தது மே 8. மனு போட்டது மே 2. சரி, ஆறு நாள்தானே என்று விட்டுவிடலாம். அதற்கு முன்பே கட்டியவர்கள்? உரிமைகோரல் படிவம் நிரப்புங்கள் என்றார்கள். வங்கிகள், குத்தகைக்காரர்கள், ஊழியர்கள், வரித்துறை என்று எல்லோரும் நிற்கும் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்க நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஜெட் விவகாரம் 2019லிருந்து இழுத்து, 2024 நவம்பரில் கலைத்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முடிந்தது. நாலாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்து வருடம் வழக்கு பார்க்கச் சொல்கிறீர்களா?

சென்னையில் இருக்கும் நாங்கள் இதை ஆச்சரியமாகப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 90களில் இங்கே நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. கல்யாணத்துக்கு, வீட்டுக்கு என்று போட்டு வைத்திருந்த பணத்தோடு ஓடிப்போனார்கள். அதற்கப்புறம் 1997ல் மாநில அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, சொத்தை முடக்கிப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. முழுசாகக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன், வழியாவது இருந்தது. சீட்டு நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் பிணைத்தொகை காட்டினால்தான் முதல் ஏலமே போட முடியும், அது 1982லேயே வந்த மத்திய சட்டம். ஒரு லட்ச ரூபாய் சீட்டுக்கு இருக்கும் காவல், பல நூறு கோடி முன்பணம் வாங்கும் விமான கம்பெனிக்கு இல்லை.

வெளிநாட்டில் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் 1973 முதல் சுற்றுலாப் பேக்கேஜ் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. விற்கிறவர் ஒரு பயணிக்கு இரண்டரை பவுண்ட் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற சுற்றுலா நிறுவனம் கவிழ்ந்தபோது வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த நாட்டு விமானத்துறை. தனியாக விமான டிக்கெட் மட்டும் வாங்கினவர்களுக்கு அங்கேயும் இந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏதோ ஒரு இடத்திலாவது ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதற்கு வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். முன்பணத்தில் கை வைத்தால் தள்ளாடும் கம்பெனி இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும், போட்டி குறையும், மிச்சமிருப்பவன் விலையை ஏற்றுவான். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சும்மா தள்ளிவிட முடியாது. நன்றாக இருக்கும் விமான நிறுவனங்களும் முன்பணத்தை வைத்துத்தான் சுழற்றுகின்றன, அதையெல்லாம் பூட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கம்பெனி எண்ணெய்க்கு ரொக்கம் கட்டும் நிலைக்கு வந்துவிட்டது என்றால், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நாட்டுக்குத் தோன்றினால், வங்கி காப்பாற்றட்டும், முதலாளி தன் பங்கை விற்றுக் காப்பாற்றட்டும், அரசே கூட முதல் போடட்டும். ஒரு கல்யாண வீட்டுக்காரரின் டிக்கெட் காசில் ஏன் காப்பாற்ற வேண்டும்? அப்படிக் காப்பாற்றி எந்தக் கம்பெனி பிழைத்தது?

போட்டி குறையும் என்பதற்கும் ஒரு வார்த்தை. அது ஏற்கெனவே குறைந்தாகிவிட்டது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது, முன்பு ஏர் ஏசியா இந்தியாவாக இருந்தது அதற்கு முந்தைய மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது. இப்போது உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் இரண்டே குழுமங்களின் விமானத்தில் போகிறார்கள், அதில் ஆறு பேருக்கு மேல் ஒரே நிறுவனத்தில். மலிவு விமானம் ஜெயித்துவிட்டது. ஜெயித்தபின் என்ன ஆகிறது என்பதையும் 2025 டிசம்பரில் பார்த்தோம். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு என்று நீங்கள் 2024 ஜனவரியிலேயே அறிவித்த விதிதான். கடைசிப் பகுதி நவம்பர் 1ல் அமலுக்கு வந்ததும் இண்டிகோவால் சமாளிக்க முடியவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. மீனம்பாக்கத்தில் பெட்டி மலை. ஐயப்பன் சீசன், முகூர்த்த நாட்கள் வேறு. அந்த வாரம் என் கடை போன் வைக்க இடமில்லாமல் அடித்தது.

அப்போதுதான் விலைக்கு உச்சவரம்பு வைத்தீர்கள். 500 கிலோமீட்டர் வரை 7,500, 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. முடியும் என்று அன்றைக்கு மறுபடி தெரிந்தது. கொரோனா காலத்தைத் தவிர்த்து அதுவரை, கட்டணம் சந்தை தீர்மானிக்கும், நாங்கள் தலையிடுவதில்லை என்பதுதான் உங்கள் நிரந்தரப் பதில். இங்கே ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆம்னி பஸ் முதலாளிகளைக் கூப்பிட்டு, அதிகக் கட்டணம் வாங்கினால் பர்மிட் போய்விடும் என்று மாநில அமைச்சர் எச்சரிக்கிறார். முழுசாக நடக்கிறதோ இல்லையோ, கேட்க ஒரு ஆள் இருக்கிறார், புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கிறது. விமானக் கட்டணத்தை அப்படி அதட்டிக் கேட்க யாரும் வருவதில்லை, நெருக்கடி வந்து டி.வி. கேமரா வந்தால்தான்.

சரி, என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கோரிக்கை, எனக்கு இதுதான் முக்கியம். எண்ணெய் நிறுவனமோ ஏர்போர்ட் அதாரிட்டியோ ஒரு விமான நிறுவனத்தை ரொக்க முறைக்கு மாற்றினால், அந்தத் தகவல் அன்றே உங்களுக்கு வர வேண்டும். அந்த நாளிலிருந்து அந்த நிறுவனம் வசூலிக்கும் டிக்கெட் பணம் தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும், விமானம் பறந்தபின்தான் நிறுவனத்தின் கைக்கு வர வேண்டும். முப்பது நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்கு முன்விற்பனை செய்யவும் தடை வேண்டும். பாக்கி தீர்ந்து பழைய முறைக்குத் திரும்பினால் தடையும் போகட்டும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அரசு நிறுவனங்கள் ஏற்கெனவே எடுக்கும் முடிவைப் பயணிக்கும் பொருத்துங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்த ரொக்க முறைப் பட்டியலை டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். சரியான நேரத்துக்குப் பறந்த சதவீதம், பயணிகளின் புகார்கள் எல்லாம் மாதாமாதம் போடுகிறீர்கள். இதையும் போடலாம். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று தயங்கினால், என் வாடிக்கையாளர்களிடம் என் பெயர் எத்தனை தடவை கெட்டிருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, ரத்தான டிக்கெட்டுக்குப் பயணி கேட்காமல் “கிரெடிட்” வைக்கும் வழக்கத்தைத் தள்ளாடும் நிறுவனங்களுக்கு முழுசாகத் தடை செய்யுங்கள். கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று கொடுத்த தீர்ப்பில் கூட, பணமில்லாத நிறுவனத்துக்குக் கிரெடிட் வைக்க ஒரு கடைசித் தேதி குறித்து, அதற்குமேல் பணமாகவே கொடு என்றது. அது பெருந்தொற்றுக்கான விதிவிலக்கு. அதை நிரந்தர வழக்கமாக்கிவிட்டார்கள். ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கு, ஏஜென்ட் வாலட்டுக்குப் பதில், பயணி சொல்லும் கணக்குக்கே பணம் போகும்படி செய்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் நிம்மதி.

நான்காவது, டிசம்பரில் போட்ட அந்த உச்சவரம்புப் பட்டியலை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். ஒரு நிறுவனம் ஒரு தடத்தில் பாதிக்கும் மேல் விமானங்களை ரத்து செய்தால் அந்தத் தடத்தில் அது தானாக அமலுக்கு வர வேண்டும், உங்கள் பத்திரிகைக் குறிப்புக்குக் காத்திருக்காமல். ரயிலே இல்லாத அந்தமான் போன்ற இடங்களுக்கு இதில் முதலிடம் கொடுங்கள்.

கடைசியாக, இதுவரை படுத்த நிறுவனங்களில் பயணிகளுக்கு வர வேண்டிய பாக்கி மொத்தம் எவ்வளவு, எத்தனை பேருக்கு, எவ்வளவு திரும்பியது என்று ஒரு வெள்ளை அறிக்கை கொடுங்கள். குத்தகைக்காரர்களுக்குச் சட்டம் கொண்டுவந்த அதே நாடாளுமன்றத்தில் அதை வையுங்கள். பயணியின் முன்பணத்தைக் கலைப்பு வரிசையின் கடைசியிலிருந்து தூக்கி மேலே வைக்கத் திவால் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்று நிறுவன விவகாரத் துறைக்கு உங்கள் அமைச்சகம் எழுத வேண்டும். எழுதியதும் அந்தக் கடிதத்தைப் பொதுவில் வெளியிடுங்கள்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டால் போதும், நான் பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

எழும்பூரிலிருந்து,
ஒரு டிக்கெட் ஏஜென்ட்